ஒரு மதிப்பெண் விடையும் நம்மூர் மாமரமும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கும் முன் இரண்டு ஒரு மதிப்பெண் கேள்விகள். யாரும் கூகுளைப் பார்க்கக் கூடாது!

ஒன்று: தொற்று வேருக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.

இரண்டு: செல்லின் உட்கருவைக் கண்டறிந்தவர் யார்?

முதல் கேள்விக்கு "வாண்டா" என்றும், இரண்டாவதற்கு "ராபர்ட் பிரௌன்" என்றும் உங்களில் முக்கால்வாசிப் பேர் இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். வேர்களின் மாற்றுருக்கள் பாடத்தில் கேரட், பீட்ரூட், ஆலமரத்து விழுது எல்லாம் நாம் பார்த்த பொருள்கள். "வாண்டா" மட்டும் ஏதோ வெளிநாட்டுப் பெயர் போல ஒட்டாமல் நிற்கும். இந்த இரண்டு விடைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு, இரண்டுக்கும் நம் சோழமண்டலக் கரையோடும் தொடர்பு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இப்போது ஏன் இது? போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். பண்ருட்டிப் பக்கம் அவர் தாத்தா வைத்த மாமரம். கிளையில் ஒரு பச்சைக் கொத்து. "டீச்சர், மரத்துல புல்லுருவி பிடிச்சிருக்கு. ஆள் விட்டு வெட்டப் போறேன். மருந்து ஏதாவது அடிக்கணுமா?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லுருவி இல்லை. அதுதான் வாண்டா! உடனே போன் செய்து அரிவாளை நிறுத்தச் சொன்னேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரத்தின் மேல் வேறொரு செடி முளைத்திருந்தால் அது மரத்தை உறிஞ்சுகிறது என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இந்தத் தப்பெண்ணம் நம் ஊரோடு நிற்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது உலகம் முழுவதும் சுற்றி, கடைசியில் அந்தச் செடியின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தக் கதை சுவையானது.

முதலில் செடியைப் பார்ப்போம்

ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் வைக்கும் ஊதாப் பூவும், பூங்கொத்துக் கடையில் கண்ணாடித் தாளில் சுற்றி விற்கும் பூவும்தான் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் தாய்லாந்து வழி வந்த கலப்பினங்கள். நான் சொல்வது நம் மண்ணின் ஆர்க்கிட். அறிவியல் பெயர் வாண்டா டெசலேட்டா. இந்தியாவில் பல மாநிலங்களிலும் இலங்கையிலும் பர்மாவிலும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் குளிர் அதற்கு வேண்டியதில்லை. நம்மைப் போல வெயில் தாங்கும் ஜாதி. மா, புளி, இலுப்பை போன்ற சொரசொரப்பான பட்டை உள்ள பழைய மரங்களில் உட்காரும்.

இலைகள் பெல்ட் போல நீளமாக, தடிப்பாக, நடுவில் வாய்க்கால் போலக் குழிந்து, இடமும் வலமுமாக இரண்டு வரிசையில் அடுக்கி இருக்கும். இலை நுனியைப் பார்த்தால் யாரோ கடித்துத் துப்பியது போலச் சமமில்லாமல் இருக்கும். தண்டின் பக்கவாட்டிலிருந்து விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளை வெள்ளையாக வேர்கள் இறங்கும். சில பட்டையைக் கவ்விக்கொண்டிருக்கும், சில காற்றில் தொங்கும்.

பூவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களின் மேல் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள். நல்ல கட்டம் போட்ட லுங்கித் துணி மாதிரி என்று வகுப்பில் சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். நடுவில் நாக்கு போன்ற இதழ் மட்டும் ஊதா நிறம். ஒரு கொத்தில் ஐந்து முதல் பத்துப் பூ வரை. நல்ல வாசனை. "டெசலேட்டா" என்ற லத்தீன் சொல்லுக்கே சதுரக் கற்கள் பதித்தது போன்ற என்றுதான் பொருள்.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். காற்றில் ஒடிந்து விழுந்த கிளையோடு இந்தச் செடியை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். காய்ந்த வெள்ளை வேரின் மேல் ஒரு மாணவியை விட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். நம் கண் முன்னாலேயே வெள்ளை வேர் பச்சையாக மாறியது. "டீச்சர், மந்திரமா?" என்று ஒரு குரல். மந்திரம் இல்லை. அந்த வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. பாடத்தில் படித்தோமே, வெலாமன் திசு. காய்ந்திருக்கும்போது அதன் வெற்றுச் செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும். மழையோ பனியோ பட்டால் நீரை உறிஞ்சிக் கண்ணாடி போல ஆகிவிடும். உடனே உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். ஆம், அந்த வேரிலும் பச்சையம் உண்டு. இலை மட்டுமல்ல, வேரும் சேர்ந்து உணவு தயாரிக்கும் செடி அது.

இதிலிருந்தே பதில் கிடைத்துவிடுகிறது. தன் உணவைத் தானே சமைக்கிறது. மழையிலும் பனியிலும் பட்டையில் வழியும் நீரிலும் தாகம் தீர்த்துக்கொள்கிறது. பட்டை இடுக்கில் சேரும் தூசியும் சருகுமே அதற்கு எரு. மரத்திடம் அது கேட்பது உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர் படுத்து எழுந்து போவது போல.

புல்லுருவி வேறு. அதன் விதையைப் பழத்தோடு பூக்கொத்திக் குருவி தின்று கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். முளைத்ததும் உறிஞ்சு உறுப்பைக் கிளையின் கட்டைக்குள்ளேயே இறக்கி மரத்தின் நீரையும் உப்பையும் இழுக்கும். அது பிடித்த இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கியிருக்கும். இலை அகலமாக, தோல் போல இருக்கும். குழல் போன்ற சிவப்பு, ஆரஞ்சுப் பூக்கள் பூக்கும். வெள்ளை வேர் எதுவும் வெளியே தொங்காது. வீங்கிய கிளை என்றால் புல்லுருவி, வெள்ளை வேர் என்றால் வாண்டா. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது வரலாறு

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். சிதம்பரம், சீர்காழி தாண்டிக் கடற்கரையில் டேனிஷ்காரர்களின் கோட்டை. 1768இல் அங்கே ஜோஹன் கெர்ஹார்டு கோனிக் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் நேரடி மாணவர் இவர். (அதுவும் ஒரு மதிப்பெண் கேள்வி!) லின்னேயஸின் முறைப்படி தென்னிந்தியச் செடிகளை வகைப்படுத்தும் வேலை இவரோடுதான் வேர் பிடித்தது. இவருடைய நட்பும் வழிகாட்டுதலும் கிடைத்த இளைஞர்தான் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1776இல் சென்னைக்கு வந்தார். பிறகு ஆந்திரத்தில் காக்கிநாடாவை அடுத்த சாமர்லகோட்டாவில் தங்கிச் செடிகளை ஆராய்ந்தார். பின்னாளில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் ஆனார்.

அவர் எழுதிய பெரிய நூலின் பெயர் "சோழமண்டலக் கரையின் தாவரங்கள்". ஐரோப்பியர் வாயில் சோழமண்டலம் "கோரமண்டல்" ஆனது உங்களுக்குத் தெரியும். 1795இல் தொடங்கி 1820 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. முந்நூறு வண்ணப் படங்கள். அந்தப் படங்களுக்கான மூல ஓவியங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். ராக்ஸ்பர்க் சம்பளம் கொடுத்து அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செடியை மேசையில் வைத்து இயற்கை அளவிலேயே வரையச் செய்தார். நூலில் ராக்ஸ்பர்க்கின் பெயர் இருக்கிறது, வெளியிட உதவிய ஜோசப் பாங்க்ஸின் பெயர் இருக்கிறது. வரைந்தவர்களின் பெயர் இல்லை. பூவின் ஒவ்வொரு கட்டத்தையும் உற்றுப் பார்த்து வண்ணம் தீட்டிய அந்தக் கைகள் யாருடையவை என்பது பதிவாகாமலே போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்த முதல் தொகுதியிலேயே, 1795இல், நம் செடி இடம் பெற்றது. ராக்ஸ்பர்க் அதற்கு வைத்த பெயர் "எபிடெண்ட்ரம் டெசலேட்டம்". லின்னேயஸ் காலத்தில் மரத்தின் மேல் வளரும் ஆர்க்கிட்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டு எபிடெண்ட்ரம் என்றார்கள். கிரேக்கத்தில் "எபி" என்றால் மேல், "டெண்ட்ரான்" என்றால் மரம். "மரத்தின் மேல் இருப்பது". எவ்வளவு நேர்மையான பெயர் பாருங்கள்! உறிஞ்சுகிறது, திருடுகிறது என்ற பழி எதுவும் இல்லை. மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே 1795இல் கல்கத்தாவில் இன்னொரு வேலை நடந்தது. ஆசியவியல் கழகத்தை 1784இல் தொடங்கிய நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம் கற்றவர். இந்தியச் செடிகளை இந்தியப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் 1794இல் இறந்துவிட்டார். மறு ஆண்டு கழகத்தின் ஆய்விதழில் வெளியான அவருடைய செடிக் குறிப்புகளில் இந்த ஆர்க்கிட்டை "வாண்டா" என்று எழுதியிருந்தார். சமஸ்கிருதச் சொல்லான "வந்தா"தான் அது.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சொல் எதைக் குறித்தது தெரியுமா? மரத்தின் மேல் ஒட்டி வாழும் எல்லாவற்றுக்குமான பொதுப் பெயர். குறிப்பாக ஒட்டுண்ணிகளுக்கு. ஆயுர்வேத நூல்களில் "வந்தாகம்" என்றால் இன்றும் புல்லுருவிதான்! அதாவது நம் ஊர்த் தம்பி மாமரத்தைப் பார்த்து என்ன சொன்னாரோ, அதையேதான் வங்காளத்தில் மக்களும் அந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஜோன்ஸ் அதை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார்.

1820இல் லண்டனில் ஒரு தாவரவியலாளர் இந்தச் செடியைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஜோன்ஸ் சொன்ன "வாண்டா"வையே பேரினப் பெயராக எடுத்துக்கொண்டு, ராக்ஸ்பர்க்கின் நினைவாக "வாண்டா ராக்ஸ்பர்கி" என்று பெயர் சூட்டினார். அவர் யார்? ஜோசப் பாங்க்ஸின் நூலகராக இருந்த ராபர்ட் பிரௌன். ஆம், நம் இரண்டாவது ஒரு மதிப்பெண் விடை அவர்தான்!

அதோடு நிற்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1831இல், ஆர்க்கிட் குடும்பச் செடிகளின் கருவுறுதலை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார் பிரௌன். இலையின் புறத்தோல் செல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டப் புள்ளி தெரிந்தது. அதற்கு முன்பும் சிலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது செல்லுக்குச் செல் தவறாமல் இருக்கும் ஓர் உறுப்பு என்று கண்டு "நியூக்ளியஸ்" என்று பெயர் வைத்தவர் அவர். நம் பாடப் புத்தகத்தின் "உட்கரு" ஓர் ஆர்க்கிட் இலையிலிருந்து வந்தது. இரண்டு ஒரு மதிப்பெண் விடைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பின்னர் தாவரப் பெயரிடல் விதிப்படி, முதலில் வைத்த சிற்றினப் பெயருக்கே முன்னுரிமை என்பதால் ராக்ஸ்பர்க்கின் "டெசலேட்டா" திரும்ப வந்தது. "வாண்டா" நிலைத்தது. ஆக, "மரத்தின் மேல் இருப்பது" என்ற சரியான பெயர் போய், "ஒட்டுண்ணி" என்ற தவறான பெயர் நின்றுவிட்டது. ஒருவரைப் பற்றி ஊர் சொல்லும் பழி எப்படிப் பட்டப்பெயராகி, கடைசியில் ரேஷன் கார்டிலும் ஏறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதே செடிக்கு மருத்துவத்திலும் பெயர்க் குழப்பம் உண்டு. ஆயுர்வேதத்தில் "ராஸ்னா" என்ற மருந்துச் சரக்கு இருக்கிறது. வட இந்தியாவில் அது ஒரு செடி. தெற்கே நாம் அரத்தையை அந்த இடத்தில் வைக்கிறோம். வங்காளத்தில் வாண்டாவின் வேரை ராஸ்னா என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் காட்டிலிருந்து கூடை கூடையாக வேரோடு பிடுங்கப்பட்டது. ஒரு பெயர் வெட்டச் சொன்னது, இன்னொரு பெயர் பிடுங்கச் சொன்னது.

கண்ணாடி வீட்டில் செத்த செடிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. உலகம் முழுவதும் ஆள் அனுப்பி, மரத்தை வெட்டிச் சாய்த்துச் செடிகளைப் பறித்துக் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். வந்தவற்றில் பெரும்பகுதி செத்துப்போயின. காரணம் அதே தப்பெண்ணம். ஒட்டுண்ணி என்று நினைத்ததால் மக்கிய மரத்தூளில் புதைத்தார்கள். வெப்பமண்டலம் என்றால் சேறும் புழுக்கமும்தான் என்று நினைத்து, காற்றே புகாத கண்ணாடி வீட்டில் அடைத்து நீராவி விட்டார்கள். வேர் அழுகிப் போயிற்று.

விடிவு இரண்டு பக்கமிருந்து வந்தது. பிரம்புக் கூடையில் பாசியோடு வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தவர்களில் முன்னோடி அந்த ஜோசப் பாங்க்ஸ்தான். பிறகு 1830களில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டார். செடி பிழைத்தது. நம் புளியமரத்துக் கிளை இயல்பாகக் கொடுக்கும் இரண்டு பொருள்களை, அதாவது வேருக்குக் காற்றும் மழைக்குப் பின் வெயிலும், அவர்கள் பல ஆண்டுகள் செடிகளைக் கொன்று கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த புதிர் விதை. இந்தச் செடியின் ஒரு காய் வெடித்தால் லட்சக்கணக்கில் விதை பறக்கும். முகத்துக்குப் போடும் பவுடர் போல அவ்வளவு நுண்ணியது. நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, அவரைக்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கும் குழந்தைக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு அது. ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறே கிடையாது. பிறகு எப்படி முளைக்கிறது? 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டுபிடித்தார். மண்ணிலோ பட்டையிலோ இருக்கும் ஒரு நுண்பூஞ்சை விதைக்குள் புகுந்து உணவு கொடுத்தால்தான் அது முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்க வைத்துக் காட்டினார். இன்று கடையில் விற்கும் ஆர்க்கிட்கள் எல்லாம் அந்தக் குடுவை வழி வந்த பிள்ளைகள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. 1981இல் உங்கள் ஊர் தேசிய மலராக அறிவித்த "வாண்டா மிஸ் ஜோக்கிம்" பூவின் பெயரிலும் நம் வாண்டாதான் இருக்கிறது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் பெயரால் 1893இல் அறிவிக்கப்பட்ட கலப்பினம் அது. அதன் தாய் தந்தைச் செடிகளைத் தாவரவியலாளர்கள் இப்போது வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் மக்கள் வாயில் இன்னும் வாண்டாதான். அந்தப் பெயர் முதலில் கட்டி நின்றது நம் கட்டம் போட்ட பூவின் மேல்.

நம்ம ஊருக்கு வருவோம்

இந்தக் காய் வெடித்துப் பறக்கும் லட்சம் விதையில் ஒன்றிரண்டு பிழைக்க வேண்டுமானால் என்ன வேண்டும்? சரியான பூஞ்சை குடியிருக்கும், வெடிப்பு விழுந்த, பழைய பட்டை வேண்டும். நேற்று வைத்த கன்றில் அது இருக்காது. ஐம்பது, நூறு வயது மரம் வேண்டும். வாண்டா இருக்கிறது என்றால் அந்த மரம் நம் பாட்டன் காலத்தது என்று பொருள்.

நம் பகுதியில் அப்படிப்பட்ட மரங்கள் எத்தனை மிச்சம்? சாலை அகலமானபோது ஓரத்துப் புளிய மரங்கள் போயின. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை யாரும் மறக்க மாட்டோம். அன்று காலை பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் போலப் பெரியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சில வாரங்கள் எங்கு பார்த்தாலும் ரம்பச் சத்தம். விறகு ஏற்றிய லாரிகள். அந்தக் கிளைகளின் மேல் இருந்த வாண்டாக்களும் விறகோடு விறகாகப் போயின. பலாவுக்குக் கணக்கு எடுத்தார்கள், முந்திரிக்குக் கணக்கு எடுத்தார்கள். மேலே குடியிருந்ததற்குக் கணக்கு எடுக்க யார் இருக்கிறார்கள்?

திருவதிகையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் விழுந்த ஒரு மாமரத்திலிருந்து, உரிமையாளரிடம் கேட்டு, பட்டையோடு ஒரு கொத்தை எடுத்து வந்தேன். இன்றும் அது எங்கள் கொல்லையில் வைகாசியில் பூக்கிறது. திலகவதியார் நந்தவனத் தொண்டு செய்த ஊர் இது. பூச்செடிக்கு இடம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

நம் கரையோரக் காடு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். சாமிக்குப் பயந்து மக்கள் வெட்டாமல் விட்ட கோயில் காடு. அறிவியலாளர்கள் வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். சேலம் பக்கம் போனால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

வளர்ப்பது எப்படி?

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மரத்தடி உள்ளவர்கள், சென்னையில் பால்கனி உள்ளவர்கள், எல்லோருக்கும் முடியும். என் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

1. எங்கிருந்து பெறுவது: உயிரோடு நிற்கும் மரத்திலிருந்தோ காட்டிலிருந்தோ பிடுங்காதீர்கள். விழுந்த மரம், ஒடிந்த கிளை என்றால் உரிமையாளரிடம் கேட்டுப் பட்டையோடு எடுங்கள். இல்லையென்றால் குடுவையில் வளர்த்த கன்றை நல்ல நர்சரியில் வாங்குங்கள். உலகின் எல்லா ஆர்க்கிட்களும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் அடங்கியவை. வெளிநாட்டுக்குப் போகும்போது ஆசையாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள்.

2. மண் கூடவே கூடாது: இது முதல் விதி. மரச்சட்டக் கூடையில் அடுப்புக்கரித் துண்டும் ஓட்டுச் சில்லும் போட்டு உட்கார வையுங்கள், வேர் வெளியே தொங்கட்டும். இடம் இருந்தால் மாமரத்திலேயே கட்டுவது உத்தமம். பருத்தித் துணிக் கிழிசலால், வேர் பட்டையில் படும்படி, ஆடாமல் கட்டுங்கள். கம்பி வேண்டாம். ஆடி, ஆவணியில் கட்டினால் ஐப்பசி மழைக்குள் புது வேர் பிடித்துக்கொள்ளும்.

3. வெளிச்சம்: காலை வெயில் நன்றாகப் படலாம். சித்திரை உச்சி வெயிலுக்கு மர நிழலோ நிழல்வலையோ வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. மஞ்சளாக வெளுத்தால் வெயில் அதிகம். இளம்பச்சையே சரி.

4. தண்ணீர்: கோடையில் தினமும் காலையில் வெள்ளை வேர் பச்சையாகும் வரை தெளியுங்கள். மாலைக்குள் வேர் காய்ந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நாம் ஊற்றவே வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும்.

5. உரம்: 19:19:19 கரையும் உரம், ஒரு லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெளித்தால் போதும். அதிகம் போட்டால் வேர் நுனி கருகும். சாணியைக் கரைத்து ஊற்றாதீர்கள்.

6. பூச்சி: இலை அடியில் செதில் பூச்சி வரும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நத்தை இளம் வேரைத் தின்னும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

7. பொறுமை: இடம் மாற்றிய செடி ஓராண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வேர் நுனியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் அப்பா, தாத்தா வைத்த மரங்களை வீடு கட்டவும் மனை பிரிக்கவும் வெட்டும் நிலையில் இருப்பீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கும் நிலைமை எல்லோருக்கும் இருக்காது, எனக்குத் தெரியும். வெட்டும் முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் ஆளை ஏற்றிப் பட்டையோடு இறக்கி, பக்கத்து மரத்தில் கட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். மரம் ஏறுபவரிடமும் வெள்ளை வேர், வீங்கிய கிளை வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் பார்க்கும் மரங்களின் எண்ணிக்கை நம்மால் பார்க்க முடியாதது.

உங்கள் பிள்ளைகள் அடுத்த தேர்வில் "எடுத்துக்காட்டு: வாண்டா" என்று எழுதும்போது, அதை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்திருக்கட்டும். உங்கள் வீட்டு மரங்களில் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள், எந்த ஊர் என்றும் எழுதுங்கள். புல்லுருவியா, வாண்டாவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்,
திருவதிகை.